சத்தம் எந்தப் பக்கம்?

அண்ணி: பின்னாடிதான். கீச்... கீச்சுனு.

மெக்கானிக்: பின்னாடின்னா எந்தப் பக்கம்?

அண்ணி: இடது பக்கம்.

மெக்கானிக்: பிரேக் மிதிக்கும்போதா, மிதிக்காதபோதா?

அண்ணி: ரெண்டுலயும்தான்.

மெக்கானிக்: இப்பத்தானே தெருவ ஒரு சுத்து சுத்திட்டு வந்தேன். ஒரு சத்தமும் இல்லையே அண்ணி.

அண்ணி: நாத்தனார் கை பட்டதும் பயந்து அடங்கிடுச்சு போல.

மெக்கானிக்: எங்கண்ணனும் இப்படி அடங்கினா தேவலை.

அண்ணி: அதுக்கெல்லாம் உன் ஷெட்டுல ஸ்பேனர் இல்ல பாப்பா.

மெக்கானிக்: சரி, பின் சக்கரத்தைக் கழட்டிப் பார்த்துடலாம்.

அண்ணி: கழட்டணுமா? சும்மா மேலாகப் பார்த்து... கொஞ்சம் எண்ணெய் கிண்ணெய் விட்டு...

மெக்கானிக்: பிரேக்ல எண்ணெய் விட்டா சத்தம் நிக்கும். வண்டி நிக்காது.

அண்ணி: இல்ல, நான் கிளம்பணும். அதான்.

மெக்கானிக்: கிளம்பலாம், என்ன அவசரம். ஹேண்ட் பிரேக்கை இறக்கிட்டீங்களா? முன் சக்கரத்துக்குக் கட்டை வெச்சிருக்கேன், ஓடாது.

அண்ணி: அது ஏறி இருந்தாலும் ஒண்ணுதான், இறங்கி இருந்தாலும் ஒண்ணுதான். வீட்டு வாசல்ல கல்லு வெச்சுத்தான் நிறுத்துறோம்.

மெக்கானிக்: எவ்வளவு நாளா?

அண்ணி: கல்லு தேஞ்சு வேற கல்லு மாத்தியாச்சு.

மெக்கானிக்: நல்லா இருக்கு... ஜாக்கி ஏன் இப்படி முனகுது? டிக்கில என்ன வெச்சிருக்கீங்க?

அண்ணி: துணி.

மெக்கானிக்: துணி இவ்வளவு கனமா?

அண்ணி: துணியும்... தையல் மிஷினும்.

மெக்கானிக்: எங்க போறீங்க?

அண்ணி: அக்கா வீட்டுக்கு. ரெண்டு நாள்.

மெக்கானிக்: ரெண்டு நாளுக்குத் தையல் மிஷினா?

அண்ணி: கை சும்மா இருக்காதுல்ல.

மெக்கானிக்: பின் சீட்டுல குக்கர் தெரியுது.

அண்ணி: அக்கா வீட்டு குக்கர் சரியா விசில் அடிக்காது.

மெக்கானிக்: ம்.

அண்ணி: என்ன ம்?

மெக்கானிக்: பிரேக்கை மூடியிருக்கிற டிரம் துருப்பிடிச்சு ஒட்டிக்கிச்சு, அதுக்கு ம். தள்ளி நில்லுங்க, சுத்தியல்ல தட்டணும்... இன்னும் கொஞ்சம்... வந்துடுச்சு. ஐயோ, ஊதாதீங்க! அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. ஈரத்துணி குடுங்க.

அண்ணி: இந்தா. எப்படி இருக்கு?

மெக்கானிக்: பிரேக் ஷூவோட லைனிங் தேயாம தடிமனா இருக்கு. ஸ்பிரிங் நல்லா இருக்கு. இது கத்தவே கத்தாது.

அண்ணி: அப்ப வலது பக்கமா இருக்கும்.

மெக்கானிக்: இடதுன்னீங்களே?

அண்ணி: திரும்பி உட்கார்ந்து கேட்டிருப்பேன்.

மெக்கானிக்: ஓட்டிக்கிட்டேவா?

அண்ணி: நீ கழட்டும்மா. வக்கீல் மாதிரி கேள்வி கேட்டுக்கிட்டு.

மெக்கானிக்: கழட்டுறேன்... அட, இது தட்டாமலே வருது... 

அண்ணி: என்ன, இதுவும் நல்லாத்தானே இருக்கு?

மெக்கானிக்: அண்ணி... இங்க குனிஞ்சு பாருங்க.

அண்ணி: ஈரமா இருக்கு. மழையில நனைஞ்சதா?

மெக்கானிக்: பிரேக் ஆயில். இந்தக் குட்டி சிலிண்டர் இருக்கே, நீங்க மிதிச்சா இதுதான் ரெண்டு ஷூவையும் டிரம்மோட சேர்த்து அழுத்தும். இதோட ரப்பர் கிழிஞ்சு ஒழுகிக்கிட்டே இருக்கு. ஷூ முழுக்க ஊறிக் கிடக்கு.

அண்ணி: அப்படின்னா?

மெக்கானிக்: மிதிச்சா பிடிக்காது, வழுக்கும். தெருவ சுத்தினப்பவே பெடல் கொஞ்சம் உள்ள போச்சு, பழசுதானேன்னு விட்டுட்டேன். உங்களுக்கும் போகுமா?

அண்ணி: போகும். ரெண்டு தடவ மிதிச்சா நிக்கும். பழைய வண்டின்னா அப்படித்தான்னு...

மெக்கானிக்: ஆயில் குறையலையா?

அண்ணி: குறையும், உங்கண்ணன் ஊத்துவாரு. எங்க போகுதுன்னு கேட்டேன். வண்டின்னா குடிக்கத்தான் செய்யும்னாரு.

மெக்கானிக்: உங்க அக்கா வீட்டுக்கு மலை இறங்கித்தானே போகணும்?

அண்ணி: வேற வழி ஏது.

மெக்கானிக்: பாதி இறக்கத்துல பெடல் தரையில போய் உட்கார்ந்திருக்கும்.

அண்ணி: ஐயோ, நான் இப்பவே கிளம்புறதா இருந்தேனே.

மெக்கானிக்: அந்த டயர் மேல உட்காருங்க. தண்ணி குடிங்க.

அண்ணி: சும்மா பயமுறுத்தாத பாப்பா.

மெக்கானிக்: சும்மான்னு நானும்தான் நெனச்சேன்... இல்ல அண்ணி. இது சும்மா இல்ல.

அண்ணி: சரி, ஒழுகுறதை மட்டும் மாத்திக் குடு.

மெக்கானிக்: ரெண்டு பக்க ஷூவும் மாத்தணும்.

அண்ணி: அந்தப் பக்கம்தான் நல்லா இருக்குன்னியே?

மெக்கானிக்: ஒண்ணு புதுசு, ஒண்ணு பழசுன்னா வண்டி ஒரு பக்கமாவே இழுத்துக்கிட்டுப் போகும்.

அண்ணி: அது குடும்பம் நடத்துன எனக்கே தெரியும்.

மெக்கானிக்: ஒண்ணு மட்டும் புரியல. இடது பக்கம் நல்லா இருக்கு. வலது பக்கம் ஊறிப்போய் ஊமையாக் கிடக்கு. கீச்சுனு சத்தம் எங்கிருந்து வந்துச்சு?

அண்ணி: ...வரல.

மெக்கானிக்: என்னது?

அண்ணி: சத்தமே வரல. நானா சொன்னது.

மெக்கானிக்: ஏன்?

அண்ணி: உன்கிட்ட சொல்லாம போக மனசு வரல. சும்மா வந்து நின்னா, வண்டிக்கு அடியில படுத்தபடியே "வாங்க அண்ணி, சரிங்க அண்ணி"ன்னு அனுப்பிடுவ. கோளாறுன்னாத்தான் நீ எழுந்து வந்து முகம் பார்த்துப் பேசுவ.

மெக்கானிக்: அப்ப ரெண்டு நாள் இல்ல.

அண்ணி: இல்ல.

மெக்கானிக்: என்ன நடந்துச்சு?

அண்ணி: கீழ டவுன்ல தையல் சொல்லிக் குடுக்கிற வேலை கிடைச்சுது. உங்கண்ணனே அவங்களுக்குப் போன் பண்ணி, அவளுக்கு உடம்பு சரியில்ல, வரமாட்டாள்னு சொல்லிட்டாரு. என்னம்மா இப்ப தேவலையான்னு அவங்க விசாரிச்சப்பத்தான் எனக்கே தெரியும்.

மெக்கானிக்: உடம்புக்கு என்னவாம்?

அண்ணி: நானும் அதைத்தான் கேட்டேன். யோசிச்சுச் சொல்றேன்னாரு.

மெக்கானிக்: வேலை?

அண்ணி: நாளைக்கு நேர்ல வந்து நின்னா சேர்த்துக்கறோம்னாங்க. அக்கா வீட்டுல இருந்து நடந்தே போயிடலாம்.

மெக்கானிக்: எங்கண்ணன் கெட்டவன் இல்ல அண்ணி.

அண்ணி: கெட்டவர்னு நான் எப்ப சொன்னேன்? என்னைக் கேக்காம எனக்கு நல்லது பண்ணிக்கிட்டே இருக்காரு. அதான் தாங்கல.

மெக்கானிக்: அந்த ஈரத்துணியை இப்படிக் குடுங்க.

அண்ணி: உன் போன் அடிக்குது.

மெக்கானிக்: கை பூரா ஆயில். யாருன்னு பாருங்க.

அண்ணி: அவர்தான். அடிச்சு ஓயட்டும், விடு.

மெக்கானிக்: எடுங்க. ஸ்பீக்கர்ல போட்டு என் வாய்கிட்ட பிடிங்க. நீங்க மூச்சு விடக்கூடாது.

அண்ணி: எதுக்கு இப்ப...

மெக்கானிக்: பிடிங்க அண்ணி. நீங்க கேக்கணும்.

அண்ணன்: பாப்பா... உன்கிட்ட வண்டியக் காட்டிட்டுத்தான் போவேன்னா, வந்துட்டாளா?

மெக்கானிக்: வந்தாச்சு.

அண்ணன்: காலைல சொன்ன மாதிரியே சொன்னியா?

மெக்கானிக்: பிரேக் போச்சு, வண்டி கிளம்பாதுன்னு சொல்லச் சொன்ன. சொன்னேன்.

அண்ணன்: நம்பினாளா?

மெக்கானிக்: நம்பினாங்க. அண்ணா, நிஜமாவே பிரேக் போயிருக்கு.

அண்ணன்: ஆங், இதே குரல்ல சொல்லு. கல்லும் நம்பும்.

மெக்கானிக்: விளையாடல. வலது பக்க சிலிண்டர் ஒழுகுது.

அண்ணன்: சிலிண்டரா? நல்லாத்தான் இருக்கு, அதையும் சேர்த்துக்க. ஒரு வாரம் இழு. அதுக்குள்ள அவளே மனசு மாறிடுவா.

மெக்கானிக்: இழுக்க மாட்டேன். சிலிண்டரும் ஷூவும் சாயங்காலம் வந்துடும். மாட்டி, பிரேக் ஆயில் குழாய்ல இருக்கிற காத்தை எடுத்து, காலைல நானே பக்கத்துல உட்கார்ந்து மலை இறக்கி விட்டுட்டு வரப் போறேன்.

அண்ணன்: ஏய், காலைல சரி சரின்னியே!

மெக்கானிக்: சொன்னேன். பொய் சொல்றதுன்னாலும் கழட்டின மாதிரி காட்டணுமேன்னுதான் கழட்டினேன். கழட்டலைன்னா இந்நேரம் அண்ணி இறக்கத்துல இருந்திருப்பாங்க. உன்னை அறியாம ஒரு நல்லது பண்ணிட்ட. அதோட நிறுத்திக்க.

அண்ணன்: என்னமோ உளர்ற... சரி, அதை அப்புறம் பேசிக்கலாம். நான் போன் பண்ணினதை மட்டும் அவகிட்ட சொல்லிடாத. தெரிஞ்சா குதிப்பா.

மெக்கானிக்: நான் எதுக்குண்ணா சொல்லணும்? போனைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதே அவங்கதான்.