மணி ஷேப்பா, ஏ-லைனா?

டீ நன்றாக இருக்கிறது இன்ஸ்பெக்டர் சார். சர்க்கரை கொஞ்சம் கம்மி, பரவாயில்லை.

நாகேஷைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் பாவாடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது புரியாமல் மற்றது புரியாது.

அரக்கோணம் ரோட்டில் இருக்கும் எங்கள் கம்பெனியில் ஜப்பானுக்குப் போகும் ஃபிராக் தைக்கிறோம். குழந்தைகளுக்கு இல்லை, வளர்ந்த பெண்களுக்கு. முழங்கால் உயரம், லேஸ், ரிப்பன், பொம்மைக்குப் போட்ட மாதிரி புஸ்ஸென்று நிற்க வேண்டும். லோலிட்டா ஃபிராக் என்பார்கள் சென்னை ஆபீஸில். எங்களுக்குப் பொம்மை கவுன். அதை நிற்க வைப்பது உள்ளே கட்டும் நெட் பாவாடை. அதில் இரண்டு தினுசு. மணி ஷேப் இடுப்பிலேயே புடைத்துக்கொண்டு இறங்கும். உள்ளே இருக்கும் உடம்பு ஒல்லியா, குண்டா என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. ஏ-லைன் வயிற்றோடு ஒட்டி, கீழே போகப் போகத்தான் விரியும். இடுப்பில் சுருக்கு வைத்த ஃபிராக்குக்கு மணி. பட்டை பட்டையாக வெட்டி விரித்ததற்கு ஏ-லைன். எதற்கு எது என்று சொல்வது சாம்பிள் டெய்லர் ஜம்பகம். அதாவது நான். எட்டு வருஷமாக என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

சுப்ரஜா பிசிறு வெட்டும் பெண். ஜப்பான் அளவுக்கு உடம்பு சரியாக இருந்ததால் ஃபிட்டிங் பார்க்க அவளுக்குத்தான் போட்டுவிடுவோம். போட்டுக்கொண்டு சும்மா நிற்பதுதான் வேலை. ஒருநாள் சென்னை ஆபீஸிலிருந்து விஜி மேடம் வந்திருந்தார். நான் மணி கட்டியிருந்தேன். கண்ணாடியைப் பார்த்துவிட்டு சுப்ரஜா சொன்னாள்:

"இன்னாக்கா இது, கோழிக்கூடை கவுத்த மாதிரி கீது. ஏ-லைன் கட்டிப் பாருங்க."

கட்டிப் பார்த்தோம். அவள் சொன்னதுதான் சரி. தப்பாகச் சொல்லியிருந்தால் நான் மன்னித்திருப்பேன். அன்றிலிருந்து விஜி மேடம் எதையும் அவளைத்தான் முதலில் கேட்டார். மற்ற பெண்கள் என் முதுகுக்குப் பின்னால் எனக்குக் கோழிக்கூடை என்று பேர் வைத்தார்கள். இதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன மாதம் பாவாடைக் கொக்கி அவளுக்கு எட்டவில்லை. டேப்பைப் போட்டேன். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவளே சொன்னாள். ஐந்தாம் மாதம். அரக்கோணத்தில் ரயில்வே வேலை பார்க்கும் தீனதயாளன்தான். அடுத்த வாரம் ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம், அப்படியே அவன் குவார்ட்டர்ஸுக்குப் போய்விடுவாள். அதுவரைக்கும் அண்ணன் நாகேஷுக்குத் தெரியக்கூடாது.

"அதுவரிக்கும் எனக்கு மணியே கட்டுங்கக்கா. ஏ-லைன் மட்டும் வாணாம்."

"ஆங், கட்டறேன்," என்றேன். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மரியாதை தெரிந்த பெண்தான்.

நாகேஷின் கோபம் எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். போன வருஷம் திருத்தணி ரயில்வே ஸ்டேஷனில் அவள் தீனதயாளனோடு பேசிக்கொண்டிருந்ததை யாரோ சொல்ல, அவள் கையை உடைத்தவன். மாவுக்கட்டோடு வேலைக்கு வந்தாள். கட்டு நுழைவதற்காக ஜாக்கெட் கையைப் பிரித்துத் தைத்துக் கொடுத்ததே நான்தான். 'இனிமே ஏதாவது கேள்விப்பட்டா கைய இல்லை, கழுத்த' என்று அவன் சொன்னதையும் அப்போதே சொல்லியிருக்கிறாள்.

அந்த வார வெள்ளிக்கிழமை போட்டோ எடுக்கும் நாள். காலையில் மலைக்கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, இறங்கும் வழியில் நாகேஷின் தேங்காய்க் கடையில் நின்றேன். தங்கச்சி பொம்மை மாதிரி இருக்கிறாள், போட்டோ எடுக்கிறார்கள், ஒரு தடவை வந்து பாருங்கள் தம்பி என்றேன். சந்தோஷப்பட்டான். ஒரு தேங்காய்கூடக் கொடுத்தான்.

அன்றைக்கு வந்தது இடுப்பில் சுருக்கு வைத்த ரோஸ் கலர் ஃபிராக். நான் ஏ-லைனை எடுத்து வந்ததும் சுப்ரஜாவின் முகம் மாறியது.

"அக்கா, மணி இல்லியா?"

"கிழிஞ்சிபோச்சி. அஞ்சு நிமிஷம்தானே, நில்லு."

மணி என் மேஜைக்கு அடியில் இருந்தது. நல்ல மணி. அந்த மாதிரி ஃபிராக்குக்கு ஏ-லைன் கட்டினால் சுருக்கெல்லாம் செத்துப்போய் வயிற்றின் மேல் படிந்துவிடும். எனக்குத் தெரியாதா? என் தொழில் வாழ்க்கையில் தெரிந்தே தப்பான பாவாடை கட்டியது அந்த ஒரு தடவைதான்.

நாகேஷ் வந்தான். கதவோரம் செருப்பை விட்டுவிட்டு, சிரித்துக்கொண்டுதான் நின்றான். அவள் முன்பக்கம் பார்த்து நின்றிருந்தாள். அப்படி நின்றால் ஒன்றும் தெரியாது.

"கொஞ்சம் பக்கவாட்டுல திரும்பு கண்ணு," என்றேன். விளக்கையும் அந்தப் பக்கம் நகர்த்தச் சொன்னேன்.

அவன் கண் அவள் வயிற்றில் நின்றது. அவள் துணி மாற்றும்வரை காத்திருந்து, வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். வண்டி வாசலைத் தாண்டும்போது அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் நெட்டை மடித்துக்கொண்டிருந்தேன். நெட்டை உடனே மடிக்காவிட்டால் கசங்கிவிடும். சாயந்திரம் குளத்துப் படியில் வழுக்கி விழுந்து செத்துப்போனாள் என்று அவர்கள் வீட்டில் சொன்னார்கள். கழுத்தில் விரல் தடம் இருந்ததை நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். சாமர்த்தியம்தான் சார்.

நாகேஷ் ஒத்துக்கொண்டுவிட்டான். என்னை யாரும் தேடவில்லை. பாவாடை கட்டிவிட்டதற்கு எந்தச் சட்டத்தில் கேஸ் போடுவது என்று உங்கள் ரைட்டரும் சிரிக்கிறார். நியாயம்தான். அப்புறம் ஏன் நானாக வந்தேன் என்கிறீர்கள்.

பேப்பரில் வந்ததைப் படித்தேன். தங்கை கர்ப்பமாக இருப்பதை அண்ணனே பார்த்துக் கண்டுபிடித்தானாம். நாகேஷா? ஒரே வீட்டில் ஐந்து மாதம் எதிரில் உட்கார்ந்து சோறு தின்றும் ஒன்றும் தெரியாதவன் சார் அவன். துணியைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்?

அவன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கட்டியது நான். என் பேர் ஜம்பகம். இனிஷியலோடு எழுதிக்கொள்ளுங்கள்.