இடது மணிக்கட்டு

— அதத் தொடாதக்கா, ஈரம் காயல. பிள்ளையாரு காது உங்கையோட வந்துடும்.

— கயலு, நான் பேசிட்டிருக்கேன். நீ பிள்ளையார்லயே இரு. நான் சொன்னது காதுல வுழுந்துச்சா?

— வுழுந்துச்சு. திட்டக்குடிக்குப் போவணும். சித்தி வூட்டுல பத்து நாளு இருக்கணும். போன ஆஃப் பண்ணிடணும்.

— இன்னிக்கே. நாலு மணி பஸ்ஸுக்கு.

— ஓனருகிட்ட என்ன சொல்றது? சதுர்த்திக்கு இருவது நாளுகூட முழுசா இல்ல. முந்நூறு அச்சு எனக்காக வாயப் பொளந்துகிட்டு நிக்குது.

— பூங்கோதை கூட்டிட்டுப் போனான்னு சொல்லு. பாலக்கரையில என் பேனரு இன்னும் தொங்குது, ஒண்ணும் சொல்ல மாட்டாரு.

— அந்த பேனருல ஆடு மேஞ்சி பாதி மூஞ்சி போயிடுச்சுக்கா.

— லிசன், கயலு. வியாழக்கிழமை பேஸ்கட்பால் சங்கத்துலேருந்து ரெண்டு பேரு விசாரணைக்கு வர்றாங்க. உன்னப் பாக்கத்தான் வர்றாங்க. நீ கையில சிக்கலன்னா அவங்களால ரிப்போர்ட் எழுத முடியாது. அதுக்குள்ள நான் கையெழுத்து போட்டுடுவேன். சென்னை டீமு. மூணு வருஷ கான்ட்ராக்ட். இதுக்காகத்தானே இத்தன வருஷம்?

— எப்புடிக் கண்டுபுடிச்சாங்க? பத்து வருஷமா ஒண்ணும் இல்லியே.

— எவளோ மொட்டக் கடுதாசி போட்டுட்டா. என் சர்ட்டிபிகேட்டையும் உன் சர்ட்டிபிகேட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு.

— அய்யய்யோ!

— சிரிக்காத.

— சிரிக்காம? நம்ம பி.டி. வாத்தியாரு கொளஞ்சிநாதன் சாரு உன்ன அண்டர் ஃபோர்ட்டீன்ல ஆட வெக்க உன் வயசுல ரெண்டரை வருஷத்த வெட்டுனாரே, இந்த வூட்டுல இன்னொரு பொண்ணு இருக்குதே, அது எப்பப் பொறந்துச்சுன்னு யாரையாச்சும் ஒரு வார்த்த கேட்டாரா? பேப்பருல நீ மார்ச்சு, நான் ஜூலை. அதே வருஷம். நாலே மாசத்துல அம்மா ரெண்டு புள்ள பெத்திருக்குது!

— அதத்தான் சங்க ஆபீஸ்ல ஒரு மேடம் கேட்டாங்க. 'உங்கம்மாவுக்கு அவ்ளோ அவசரமா?'ன்னு. இருவது பேரு முன்னாடி. நான் எங்க பாக்கறதுன்னு தெரியாம ஷூ லேஸக் கட்டிட்டிருந்தேன்.

— பாவம்க்கா நீ.

— கயலு... அந்தக் கடுதாசி நீ போடலியே?

— நான் போட்டிருந்தா கீழ பேரு எழுதிப் போட்டிருப்பேன்.

— சரி, சரி. சும்மா கேட்டேன்.

— கிளார்க்கு தேதிய தப்பா எழுதிட்டாருன்னு சொல்ல வேண்டியதுதானே?

— சொன்னேனே. உடனே பழைய ஃபைலத் தூக்கிட்டு வந்துட்டாங்க. அப்போ எலும்பு வயசு பாக்க இடது கைய எக்ஸ்ரே எடுத்தாங்கல்ல...

— என் கை.

— மெதுவாப் பேசு.

— இங்க யாரு இருக்குறா? பிள்ளையாருதான். என் கைதானேக்கா அது? உனக்குப் பதினாறு ஆகப்போவுது, உன் எலும்பப் பாத்தா தெரிஞ்சிடும்னு எட்டாவது படிச்சிட்டிருந்த என்ன கடலூருக்குக் கூட்டிட்டுப் போனாரு சாரு. வழியில பரோட்டா வாங்கித் தந்தாரு. எக்ஸ்ரேன்னா வலிக்குமான்னு கேட்டுகிட்டே போனேன்.

— அந்தப் படத்துல மணிக்கட்டு எலும்பு ஒடஞ்சு கோணலாச் சேந்திருக்குதாம். போன மாசம் என் கைய எடுத்துப் பாத்தாங்க. நேரா இருக்குது. 'அப்ப இது யாரு கை?'ன்னு கேக்குறாங்க.

— நீ தள்ளிவுட்டதுல ஒடஞ்ச கை.

— அது பிராக்டிஸ்டி. மேட்ச்னா இடிக்கத்தான் செய்வாங்க.

— சரி, பிராக்டிஸுன்னே வச்சிக்க. சிமெண்ட்டுத் தரை. ஆஸ்பத்திரி வேணாம்னு கட்டு கட்டுறவருகிட்ட போனோம். இப்பவும் மழ வர்றதுக்கு முன்னாடி எனக்குத்தான் மொதல்ல தெரியும். அந்தா, அம்மா டீயோட வருது.

— பெரியவளே! எப்ப வந்த? பஸ்ஸ வுட்டு எறங்கி நேரா இங்கியா? வூடுன்னு ஒண்ணு இருக்குதே, ஞாபகம் இருக்குதா?

— இப்பத்தாம்மா வந்தேன். உன்னப் பாக்கத்தான் வரலாம்னு...

— எளச்சிட்டியே யம்மா. இந்தா, டீயக் குடி. நேத்துப் பூரா பெண்ணாடத்துல வளைகாப்பு. 'செல்லுல பந்து போடுதே, அது உம் பொண்ணா'ன்னு எல்லாவளும் கேட்டாளுவ. எனக்கு ஒரு எலை சாப்பாட்ட ரெண்டு தடவ வச்சாளுவ. ஏன், ரெண்டு பேரும் மூஞ்சத் தூக்கி வச்சிருக்குறீங்க?

— அந்த எக்ஸ்ரே வெவகாரம்மா. திரும்ப வந்துடுச்சு. அக்கா என்ன திட்டக்குடிக்குப் போவச் சொல்லுது.

— ஒரே ஒரு ஆட்டத்துக்குத்தான்னாரே அந்த வாத்தியாரு! 'அப்புறம் யாரும்மா பாக்கப் போறா'ன்னாரே. நானும் நம்பி இவளுக்குத் தலை சீவி அனுப்புனேன்... சின்னவளே, அக்கா சொல்றபடி கேளுடி. இவ ஆடுனதுலதான் ஓட்டு வூடு மெத்த வூடாச்சு. பத்து நாளு சித்தி கையால சாப்புட்டா கொறஞ்சா பூடுவ?

— சரிம்மா.

— அந்தாண்ட சூளைக்கு அடுக்குறாங்க, கத்துவாங்க. நான் போறேன். சண்டை போடாதீங்கடி.

— பாத்தியா, அம்மாவே சொல்லிடுச்சு. கையக் கழுவு.

— அக்கா, ஒண்ணு கேக்கட்டா? நான் ஏன் ஆட்டத்த வுட்டேன்?

— இப்ப எதுக்கு அது? உனக்கு இன்ட்ரஸ்ட் இல்ல. பிராக்டிஸுக்கே வர மாட்ட.

— அந்த வருஷம் மாவட்ட டீமுல பன்னெண்டு பேரு. பன்னெண்டாவது பேரு என்னுது. நீ உள்ள வந்த, நான் வெளிய வந்தேன். சரி, அடுத்த வருஷம் ஆடிக்கலாம்னு இருந்தேன். சாரு தனியாக் கூப்புட்டு, 'உன் கைய இனிமே எந்த மெஷின்லயும் வெக்கக் கூடாது. ஒரே கை ரெண்டு ஃபைல்ல இருந்தா உங்கக்கா காலி'ன்னாரு. பந்த அவரு கையில குடுத்துட்டு வந்துட்டேன்.

— பஸ்ஸுக்கு நேரமாவுது, கயலு.

— உனக்குத் தெரியும்தானே?

— தெரியும். முழுசாத் தெரியாது.

— எந்தப் பாதி தெரியாது?

— கயலு, ப்ளீஸ். நான் சும்மா ஒக்காந்து இந்த நெலமைக்கு வரல. ஹாஸ்டல்ல காலையில நாலரைக்கு எழுப்புவாங்க. பீரியட்ஸ்னாலும் ஓடணும். காலேஜ்ல முட்டிய அறுத்து தச்சாங்க, ஒம்பது மாசம் செவுத்தப் புடிச்சு நடந்தேன். ஸ்டேட் ஃபைனல்ல முப்பத்தோரு பாயிண்ட் போட்டேனே, அத எக்ஸ்ரேயா போட்டுச்சு? நான் போட்டேன்டி.

— நீதான் போட்ட. நான் இல்லங்கலியே. உன் ஆட்டம் ஒண்ணு வுடாம பாத்திருக்கேன். இடது பக்கம் திரும்பப் போறன்னா மொதல்ல தோளத் தாழ்த்துவ. அத எதுத்து ஆடுறவ கவனிச்சிட்டா என்ன பண்றதுன்னு இங்க நான் பல்லக் கடிச்சிகிட்டு இருப்பேன்.

— அப்படின்னா போ. எனக்காக. இந்த மூணு வருஷம் ஆடிட்டா போதும். எனக்கு நெசமாவே இருவத்தாறு, அதுக்கு மேல யாரும் கூப்புட மாட்டாங்க.

— பத்து நாளு கழிச்சு?

— திரும்பி வந்துடு. எப்பவும் போல.

— எப்பவும் போல.

— என்னடி, நான் சொன்னதையே திருப்பிச் சொல்ற? எழுந்திரு, பஸ்ஸு போயிடும்.

— வியாழக்கிழமை வர்றாங்கன்னு உனக்கு யாருக்கா சொன்னது?

— டீம் மேனேஜரு. ஏன்?

— நேத்தே வந்துட்டாங்க. அம்மா பெண்ணாடத்துல இருந்தப்ப.

— என்னடி சொல்ற? இவ்ளோ நேரமும் வாயத் தொறக்காம ஏன் இருந்த?

— நீ என்கிட்ட வேற ஏதாச்சும் கேப்பியான்னு பாத்தேன்.

— என்ன சொல்லித் தொலச்ச அவங்ககிட்ட? கயலு! என்ன சொன்ன?

— அவங்க ஒண்ணுமே கேக்கலக்கா. எக்ஸ்ரே எடுக்க வர்றியாம்மான்னு மட்டும் கேட்டாங்க, போனேன். மெஷினுக்காரரு பேரு என்னன்னாரு. அன்னிக்கு கடலூருல சொன்ன மாதிரியே வாயில மொதல்ல பூங்கோதைன்னுதான் வந்துச்சு. அத அடிச்சிட்டு எம்பேர எழுதச் சொன்னேன்.