விமலன் வெட்டியெடுத்த இடைவெளி

காலை ஆறு மணி. பந்திங் தாண்டி மோரிப் கடற்கரைக்குப் போகிற ரோடு. இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம்... ஒரு விளக்கு கிடையாது. முன்னாலும் பின்னாலும் வண்டி கிடையாது. அந்த ரோட்டில் முகுந்தன் தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு போனான். போனவன் போனவன்தான்.

போனை உள்ளே வை, குகன். போர்ட் கேட் திறக்க இன்னும் ஒரு மணி நேரம் ஆகும், உன் லோரி எங்கேயும் ஓடிப்போகாது. இது எங்கேயோ படித்த கதை இல்லை. விமலன் என் கூட்டாளி. முகுந்தன் அவன் தங்கை தாமரையின் புருஷன். பயமாக இருந்தால் இப்போதே போய்ப் படுத்துக்கொள். நடுவில் எழுந்து போனால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

முகுந்தனுக்குப் பண்டமாரானில் கிடங்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் முதுகில் மோட்டாரைக் கட்டிக்கொண்டு, பாராசூட் துணியை விரித்து, கடலுக்கு மேலே பறப்பான். அதை வீடியோ எடுத்துப் போடுவான். தலைக்கவசக் கேமராவில் காற்றும் மோட்டாரும்தான் கேட்கும், ஆள் பேசுவது கேட்காது. அதனால் விமலன் ஒரு சின்ன ரெக்கார்டரை அவன் சட்டைப்பையில் வைத்து, மைக்கை வாய்க்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டிருந்தான். பிரிக்பீல்ட்ஸ் மாடியறையில் கல்யாண வீடியோக்களுக்குச் சத்தம் சேர்ப்பதுதான் விமலனின் பிழைப்பு. மச்சானுக்கும் அவனே செய்து கொடுத்தான். மோட்டாரைக் குறைப்பான், குரலை ஏற்றுவான். பேச்சுக்கு நடுவே சும்மா இருக்கிற இடத்தையெல்லாம் வெட்டிவிட்டு ஒட்டுவான். "சும்மா கெடந்தா எவன் கேப்பான்? அடுத்த வீடியோவுக்கு ஓடிருவான் லா," என்பான்.

தாமரைக்கு இந்தப் பறக்கிற கூத்தே பிடிக்காது. அந்த வாரம் பெரிய சண்டை. மூன்று நாளாக அவனோடு பேசவில்லை. ஞாயிறு காலை அவன் கிளம்பும்போது விழித்துக்கொண்டுதான் இருந்தாள், சுவரைப் பார்த்துப் படுத்தபடி. "தாமரை, போய்ட்டு வரேன்," என்றான். அவள் வாயைத் திறக்கவில்லை.

காற்று திடீரென்று திரும்பியது. துணி மடங்கியது. கரைக்குத் தள்ளி, சேற்றில் விழுந்தான். கழுத்து... விழுந்த நொடியே உயிர் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். மீன் பிடிக்கிறவர்கள் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் பார்த்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் தாமரை அண்ணனிடம் வந்தாள். "அண்ணே, அந்த ரெக்கார்டர்ல அவரு கொரலு இருக்கும்ல? நான் கேக்கணும்ணே."

விமலன் முதலில் தனியாகக் கேட்டான். ரெக்கார்டரில் சேற்று நாற்றம் இன்னும் இருந்ததாம். மோட்டார்... துணி படபடவென்று அடிக்கிற சத்தம்... பொத்தென்று ஒன்று. அப்புறம் தண்ணீர் களக் களக்கென்று ஏறுவது மட்டும். பன்னிரண்டு நிமிடம் அப்படியே. அதற்கப்புறம் முகுந்தன் பேசினான். மூச்சு வாங்கவில்லை, முனகவில்லை. வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினான்.

"பசியாறிட்டியா?"

நீண்ட இடைவெளி. தண்ணீர்.

"ரெண்டு வாயாச்சும் சாப்புடு லா."

மறுபடி இடைவெளி. "சே, வலிக்கல." இன்னொரு இடைவெளி. "எனக்கென்ன கோவம்?" பிறகு, "சரி, சொல்லு." அதற்கப்புறம் ஆறு நிமிடம் ஒன்றுமே இல்லை. கடைசியாக "ம்ம்" என்றான்.

டாக்டர் தப்பாகச் சொல்லிவிட்டார், பாவி சேற்றில் கிடந்து உளறியிருக்கிறான் என்று விமலன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். தங்கை அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டால் தாங்கமாட்டாள். எப்போதும் செய்வதைத்தான் செய்தான். தண்ணீரைக் குறைத்தான், குரலை ஏற்றினான், சும்மா இருந்த இடத்தையெல்லாம் வெட்டினான். மொத்தம் பன்னிரண்டு விநாடி வந்தது.

தாமரை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"பசியாறிட்டியா?"

"இல்லைங்க..." என்றாள், தன்னையறியாமல். அதற்குள் "ரெண்டு வாயாச்சும் சாப்புடு லா" ஓடிவிட்டது. "ஐயோ, விழுந்தப்ப வலிச்சிச்சா?" என்று அவள் கேட்க, அவள் குரல்மேலேயே "சே, வலிக்கல" என்று ஏறிப் போனது. "எம்மேல கோவமாங்க?" என்பதற்குள் அந்தப் பதிலும் போய்விட்டது. "சரி, சொல்லு."

"அன்னைக்கு நான் முழிச்சிக்கிட்டுத்தான்..."

"ம்ம்."

முடிந்துவிட்டது.

தாமரை திரும்பிப் பார்த்தாள். "அண்ணே, நான் சொல்லி முடிக்கலியே. நடுவுல எடமே விடாம பேசறாரே."

விமலனுக்கு அப்போதுதான் உறைத்தது. "எடம் விட்டிருந்தான்மா... நான்தான் வெட்டிட்டேன்."

அப்படியே விழுந்து கும்பிட்டானாம் தங்கை காலில். பிறகு ஓடிப்போய் ரெக்கார்டரை எடுத்து, வெட்டாத பதிவை ஆரம்பத்திலிருந்து போட்டான். அதை அவன் தொட்டதே இல்லை, அப்படியே வைத்திருந்தான். மோட்டார்... துணி... பொத். பன்னிரண்டு நிமிடத் தண்ணீர். தாமரை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"பசியாறிட்டியா" வரவில்லை. அந்தப் பேச்சு எதுவுமே வரவில்லை.

"தாமரை?" என்றான் முகுந்தன்.

"சொல்லுங்க. இருக்கேங்க."

இடைவெளி. தண்ணீர்.

"தாமரை..."

"இந்தா பேசறேன்ல? தப்பு எம்மேலதாங்க, முழிச்சிக்கிட்டேதாங்க படுத்திருந்தேன்... கேக்குதா உங்களுக்கு?"

இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னாள். சத்தம் போட்டு, ஸ்பீக்கரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சொன்னாள். ஆனால் அவன் "ம்ம்" என்று சொல்லவேயில்லை.

பதிவு இரண்டு மணி நேரம் ஓடுகிறது. கடைசியில் படகு மோட்டார் வருகிறது. சேற்றில் கால் புதைந்து நடக்கிற சத்தம். இரண்டு பேர் மலாயில் பேசிக்கொள்கிறார்கள். ஒருவர் குனிந்து தொட்டுப் பார்த்து, ஆள் செத்து ரொம்ப நேரமாகிவிட்டது, உடம்பு சில்லிட்டுப் போயிருக்கிறது என்கிறார். அவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மைக்குக்குப் பக்கத்தில், முகுந்தன் கேட்கிறான்:

"இன்னுமா எங்கூட பேச மாட்டே?"