கஞ்சன்ஜங்கா பார்க்கப் போனவர்

தெரசா: கேக் வெட்டணும்னு உள்ள எல்லாரும் தேடுதாங்க சார். நீங்க இங்க வெயில் காயுதீங்க!

பட்டாபி: உங்க ரிடையர்மென்ட் பார்ட்டில எனக்கென்ன வேலை? நீங்கதான் உள்ள இருக்கணும்.

தெரசா: தில்லிக்கு வந்த முப்பது வருஷமா டீ குடிக்க ஆபீசு வாசல்ல இந்தப் புல்தரைதான். இன்னைக்கு மட்டும் எதுக்கு மாத்தணும்? நகந்து உக்காருங்க.

பட்டாபி: ஜாக்கிரதை, மாலை கசங்கறது... டீக்காரன் வந்துட்டான், ரெண்டு டீ சொல்றேன். பையா! தோ சாய்!

தெரசா: ம்... சொல்லுங்க.

பட்டாபி: என்னத்த?

தெரசா: கஞ்சன்ஜங்கா. நாளைக்கு இந்நேரம் நான் ஊருக்குப் போற வண்டில இருப்பேன். தூத்துக்குடில அண்ணன் வீட்டுல மலையப் பத்தி யாரு சொல்லுவா? அங்க உப்பளத்துல குமிச்சு வச்ச உப்புதான் மலை.

பட்டாபி: அதுவும் வெள்ளையாத்தானே இருக்கும்!

தெரசா: கேலி போதும், சொல்லுங்க.

பட்டாபி: ஒரு காலத்துல உலகத்துலயே ஒசந்தது அதுதான்னு நெனைச்சிண்டிருந்தா. அப்புறம் அளந்து பாத்து மூணாவதுன்னுட்டா.

தெரசா: பாவம்.

பட்டாபி: அதுக்கென்ன, அது பாட்டுக்கு நிக்கறது. எத்தனை பேர் ஏறப் பாத்தா! பனி சரிஞ்சு போய்ச் சேந்தவா, பாதில திரும்பினவா... கடைசில அம்பத்தஞ்சுலதான் வெள்ளைக்காரா ஏறினா.

தெரசா: ஆனா உச்சில கால் வைக்கல.

பட்டாபி: வைக்கலே. சிக்கிம்காராளுக்கு அது சாமி. ராஜாவுக்குக் குடுத்த வாக்கு. இன்னும் கொஞ்சம் நடந்தா உச்சி... அங்கேயே நின்னுட்டா.

தெரசா: அவ்வளவு தூரம் போயி... எப்படித்தான் மனசு வந்துச்சோ. என்ன சார், டீய ஊதிக்கிட்டே இருக்கீங்க?

பட்டாபி: ஒண்ணுமில்லே. டீ சுடறது.

தெரசா: டார்ஜிலிங்ல விடியுதத சொல்லுங்க.

பட்டாபி: இருட்டோட ஜீப் பிடிச்சு டைகர் ஹில் ஏறணும். ஊர்ப்பட்ட ஜனம், கம்பளியப் போத்திண்டு. காப்பி விக்கற பொம்மனாட்டிகள் பிளாஸ்க்கோட வருவா. ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது. திடீர்னு... ஆகாசத்துல செவப்பா ஒரு கீத்து. நாம தேடிண்டிருக்கற எடத்துக்கு ரொம்ப மேல, அந்தரத்துல. அப்புறம் ரோஸ். அப்புறம் பொன்னு. கீழ ஊர் இன்னும் தூங்கிண்டிருக்கும். பக்கத்துல ஒரு கொழந்தை கை கூப்பித்து...

தெரசா: சார்.

பட்டாபி: ம்?

தெரசா: எந்தக் கொழந்தை? நீங்க அங்க போயிருந்த நாளெல்லாம் மேகம் மூடிக் கெடந்துச்சு, ஒண்ணும் பாக்கலன்னுல்ல சொன்னீங்க?

பட்டாபி: அதுவா... புஸ்தகத்துல...

தெரசா: புஸ்தகத்துல கொழந்தை கும்பிட்டுச்சாக்கும்.

பட்டாபி: ...பாத்தேன் தெரசா. மொத நாளே பாத்துட்டேன். மேகமே இல்லே.

தெரசா: பின்ன எதுக்கு இத்தன வருஷமா...

பட்டாபி: லீவு முடிஞ்சு வந்தேனா... நான் வாயத் தெறக்கறதுக்குள்ள, "மேகம் மூடிருச்சா சார்? போகட்டும், ஒருநாள் நாம சேந்து போயிப் பாப்போம்"னேள். நான் ஆமாம்னுட்டேன். பாத்தாச்சுன்னு சொன்னா அந்த ஒருநாள் போயிடுமே. நீங்களும் கல்யாணம் பண்ணிக்கலே, நானும் பண்ணிக்கலே. அம்மா இருந்தவரைக்கும் எங்காத்துல பேச்சே எடுக்க முடியாது... அம்மா போனப்பறம், வயசாயிடுத்தேன்னு ஒரு வெக்கம். அழறேளா?

தெரசா: வெயிலு... கண்ணு கூசுது.

பட்டாபி: ரொம்ப லேட்டுதான். உங்களுக்கு அப்படி ஒரு நெனைப்பே இல்லேன்னா இந்த டீயோட விட்டுடுங்கோ. நாளைக்கு ஸ்டேஷனுக்கு வந்து நானே ஏத்தி விடறேன். ஆனா... இருந்ததா தெரசா? ஒரு நாளாவது?

தெரசா: மெட்ராஸ் ஆபீசுக்கு ரெண்டு தடவ மாத்தல் வந்துச்சு சார், உங்களுக்குத் தெரியாது. எங்கம்மா அழுது கூப்பிட்டாங்க. ரெண்டு தடவயும் வேண்டாம்னு எழுதிக் குடுத்தேன்... தில்லிக் குளிரு பிடிச்சுப் போயா இங்க கெடந்தேன்?