நேர்வாளம்

எங்கள் வீட்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிள்ளைகளுக்குப் பேதிக்குக் கொடுப்பார்கள். உங்கள் வீட்டிலும் கொடுத்திருப்பார்கள், வக்கீலம்மா. ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, விடியும்போதே விளக்கெண்ணெய். மதியம் வரை ஓட்டம்தான். பிறகு மிளகு ரசமும் குழைந்த சோறும். மறுநாள் உடம்பு லேசாகி நல்ல பசி எடுக்கும். எனக்கு அந்த வழக்கம் பிடிக்கும். வயிற்றுக்குள் அழுக்கை வைத்துக்கொண்டு மனிதன் எப்படி நிம்மதியாகத் தூங்குகிறான் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இதைக் கேட்க நீங்கள் பீர்மேட்டிலிருந்து கொழிஞ்சாம்பாறை வரை வரவில்லை என்று தெரியும். மாரீஸ்வரிக்காக வந்திருக்கிறீர்கள். அவள் புருஷன் பேச்சிராஜ் ஆப்பிரிக்காவில் என்னிடம் வேலை பார்த்து அங்கேயே செத்துப்போனவன். அவன் வைரத்தை முழுங்கினானா இல்லையா என்று மட்டும் அவளுக்குத் தெரிந்தால் போதும் என்கிறீர்கள். தேயிலை எஸ்டேட் லயத்தில் அவள் பையனைக் 'கல்லுமுழுங்கி மகன்' என்று கூப்பிடுகிறார்களாம். கேட்க எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், ஆட்சேபனை இல்லை. முதலிலிருந்து சொன்னால்தான் என் நிலைமை உங்களுக்குப் புரியும்.

நான் போனது போர்வெல் லாரியோடு. இந்தக் கிழக்குப் பக்கம் ஆயிரம் அடி இறக்கினாலும் புழுதிதான் பறந்தது. வண்டி சும்மா நின்றது. ஆப்பிரிக்காவில் தண்ணீருக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கப்பலில் ஏற்றிவிட்டேன். நாட்டின் பேரை விடுங்கள், வேண்டியவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.

அப்போது சுரங்கம் என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. ஒரு ஆற்று வளைவு. ஊர் ஜனங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று சரளைக்கல்லைச் சல்லடையில் அலசி வைரம் தேடுவார்கள். குளிப்பது, துவைப்பது, மற்றதெல்லாம் அதே தண்ணீரில். முதல் வாரம் எனக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

பிறகு கம்பெனி வந்தது. வேலி போட்டார்கள். சரளை அலச ஆலை வந்தது, குட்டி விமானம் இறங்க மண்பாதை வந்தது, அதைப் பிடித்துக்கொண்டு தகரக் கொட்டகைகளாக ஒரு ஊரே முளைத்தது. ஆறு வேலிக்குள் போய்விட்டதால், வெளியே இருந்தவர்களுக்கு நான்தான் போர் போட்டுக் கொடுத்தேன். ஆலைக்குப் போக மிச்சம் இருந்தால் அதில் தண்ணீர் வரும். சல்லடை பிடித்த ஜனங்கள் அதே வேலிக்குள் கூலிக்கு வந்தார்கள். நேற்றுவரை அவர்கள் எடுத்து விற்ற கல்லை இன்றைக்கு எடுத்தால் திருட்டு. அது அவர்கள் மண்டையில் ஏற நாளாயிற்று.

நான் குடிக்க மாட்டேன், கறி தின்ன மாட்டேன், இரண்டு வேளை குளிக்கிறவன். அதைப் பார்த்து என்னையே கேம்ப் மேனேஜர் ஆக்கினார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் கல் போய்க்கொண்டுதான் இருந்தது. வாயில் போட்டு முழுங்கிவிடுவார்கள். சந்தேகம் வந்த ஆளைக் கண்டெய்னருக்குள் பூட்டி, ஒரு வாளியைக் கொடுத்து, தானாக வரும்வரை காத்திருப்பது கம்பெனி வழக்கம். அவனும் நாள்கணக்கில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அந்த வெயிலில் அந்தப் பக்கம் நடந்தாலே எனக்குக் குமட்டும். எக்ஸ்ரே மெஷின் வருகிறது, வருகிறது என்றார்கள். வந்தபாடில்லை.

ஒரு தடவை லீவில் வந்தபோது, புதுநகரத்தில் நாட்டுமருந்துக் கடை வைத்திருக்கும் சைனுதீன் பாயிடம் நேர்வாளம் கேட்டேன், கடும் பேதி மருந்து. விளக்கெண்ணெய் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. பாய் தயங்கினார்.

"எதுக்குங்க இவ்வளவு? மாட்டுக்கா?"

"வேலையாளுகளுக்குங்க. வயிறு சுத்தம் பண்ணத்தான்."

"பாத்துக் குடுங்க. போறது போனதும் மோரைக் குடுத்து நிறுத்திப்போடோணும். இல்லீன்னா ஆளு தாங்க மாட்டான்."

நல்ல மனுஷர். அவரை இதில் இழுக்காதீர்கள்.

அதன்பிறகு வேலை சுலபமாயிற்று. காலையில் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். வாளியில் இருப்பதை அவரவரே சல்லடையில் ஊற்றி அலச வேண்டும் என்று வைத்தேன். அந்தக் காரியத்தை இன்னொருவனை வைத்துச் செய்யச் சொல்வது நியாயமில்லை. நான் வாசலுக்கு வெளியே, மூக்கில் கற்பூரம் வைத்த துண்டோடு நிற்பேன். ஒரு சிலரிடம் கல் வந்தது. பலரிடம் வரவில்லை. அப்படி வராதவர்களில் இரண்டு பேர் பிறகு வேலைக்கும் வரவில்லை. நான் விசாரிக்கவில்லை. அங்கே ஆள் வராமல் போவது சகஜம்.

பேச்சிராஜை நான்தான் கூட்டிப் போனேன். எஸ்டேட்டில் இலை நிறுத்துப் பழகியவன், கணக்குச் சுத்தம். அவனைக் கிரீஸ் மேசையில் போட்டேன். அலசிய சரளை அந்த மேசைமேல் தண்ணீரோடு ஓடும். மற்ற கல்லெல்லாம் போய்விடும், வைரம் மட்டும் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் காலையில் கொண்டைக்கடலை அளவு ஒரு கல் ஒட்டியிருந்ததை இரண்டு பேர் பார்த்தார்கள். மறுபடி பார்த்தபோது இல்லை. நடுவில் மேசையிடம் நின்றது பேச்சிராஜ் மட்டும்.

ஊர்க்காரன் என்று நான் விட்டிருக்கலாம் என்பீர்கள். ஷிப்டு மாறுகிற நேரம், முற்றம் முழுக்க ஆட்கள். அவர்களில் பாதிப் பேர் அந்தக் கண்டெய்னருக்குள் உட்கார்ந்து வந்தவர்கள். எங்களுக்கு ஒரு நியாயம், உங்கள் ஆளுக்கு ஒரு நியாயமா என்று எல்லாரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். நான் பாரபட்சம் பார்க்கிறவன் இல்லை.

"நான் முழுங்கல சார்," என்றான். "எம்புள்ள மேல சத்தியம். குடிக்கச் சொன்னா குடிக்கேன். ஆனா ஒண்ணும் வராது சார்."

"வரலீன்னா உனக்கு நல்லதுதானப்பா," என்றேன்.

வாங்கிக் குடித்தான். மதியத்துக்குள் வயிற்றில் இருந்ததெல்லாம் போய், வெறும் தண்ணீராகப் போக ஆரம்பித்தது. சல்லடையில் எதுவும் இல்லை. அலசுவதற்கு நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "சார், கொஞ்சம் மோரு இருந்தாக் குடுங்க சார்," என்று இரண்டு தடவை கேட்டான். வேட்டியெல்லாம் நனைந்திருந்தது. எனக்கு அந்தக் கோலத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ரூமுக்குப் போய்த் தலைக்குக் குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

அப்போது ஷைஜு வந்தான். ஆலையில் மெக்கானிக், நெடுங்கண்டத்துப் பையன். உங்களைக் கூப்பிட்டுச் சொன்னது அவன்தான் என்று எனக்குத் தெரியும், பரவாயில்லை. கிரீஸைச் சுரண்டியபோது மேசையின் ரப்பர் விளிம்புக்கு அடியில் கிடந்ததென்று அந்தக் கல்லை ஒரு துணியில் வைத்து நீட்டினான்.

"சாரே, கல்லு கிட்டியாச்சு. இனி அவனை விடணும்."

"சரி, நீ போய்ச் சாப்புடு. நான் பாத்துக்கறேன்," என்றேன்.

கல்லைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்தேன். அவசரப்பட்டு எதுவும் செய்கிறவன் இல்லை நான். இப்போது கதவைத் திறந்து, கல் மேசையிலேயே இருந்தது, தப்பு எங்கள் பேரில் என்று சொன்னால் என்ன ஆகும்? அதுவரை உள்ளே உட்கார்ந்தவன் ஒவ்வொருவனும் அப்படியானால் என் கதை என்ன என்று கேட்பான். வராமல் போன அந்த இரண்டு பேரின் வீட்டார் கேட்பார்கள். ஒரு ஆளுக்காக அத்தனை பெரிய சுரங்கத்தின் ஒழுங்கைக் குலைக்க முடியாது. நீங்கள் சட்டம் படித்தவர், யோசித்துப் பாருங்கள்.

அதனால் இரண்டாவது வேளை கொடுத்தேன்.

இதை நீங்கள் கேட்கத் தயங்கினீர்கள், நானே சொல்லிவிட்டேன். கல் என் பெட்டியில் இருந்தது. அவன் வயிற்றில் தண்ணீர்கூட இல்லை. டம்ளரைப் பார்த்ததும், மோர்தான் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்து அவனே கையை நீட்டினானாம். டம்ளரை உள்ளே கொண்டுபோன காவல்காரன் சொன்னான். என் ஃப்ரிட்ஜில் மோர் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. பொழுது சாயும்போது அடங்கிவிட்டான்.

காலரா என்று சொன்னோம். காலரா என்றால் உடம்பை ஊருக்கு அனுப்ப முடியாது, அங்கேயே எரித்தாக வேண்டும். கல்லைப் பற்றிக் கம்பெனி கேட்டது. அவன் வயிற்றிலிருந்து வந்தது என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அதற்கப்புறம் நான் இருந்தவரை ஒருத்தனும் கல்லை வாயில் வைக்கவில்லை. அடுத்த வருஷம் ஆற்றின் மறுகரையிலும் வேலி போட்டார்கள். இப்போது அங்கே மூன்று ஆலை ஓடுகிறது, ஆயிரக்கணக்கான குடும்பம் சாப்பிடுகிறது. அதையும் நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஆகவே, அவன் முழுங்கவில்லை. அவன் உயிரோடு இருக்கும்போதே அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன், பொய் என்று தெரிந்துதான் அவனைத் திருடன் என்று சொன்னேன். இதைக் கோர்ட்டில் கேட்டாலும் சொல்கிறேன். ஆனால் மாரீஸ்வரியின் வீட்டுக்கு வந்து, லயத்து ஜனங்கள் நடுவில், அவள் பையன் காதுபட இதைச் சொல்லுங்கள் என்கிறீர்களே, அது மட்டும் முடியாது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாலு வீட்டுக்கு ஒரு கக்கூஸ் இருக்கிற இடம் அது. அந்த நாற்றம் எனக்கு ஆகாது.