எண்ணெய் படக்கூடாத குழல்

மனைவி: ...அந்தத் துப்பாக்கி பேச்சை எடுத்தாலே இவருக்குக் காது அடைச்சிடும்மா. நீயாவது கேட்டுப் பாரு.

பரிசோதகர்: எனக்குக் காது நல்லாவே கேக்குது. நீ போய் டீ போடு.

மனைவி: பாத்தியா? என்னை விரட்டணும்னா மட்டும் டீ வேணும்.

வந்தவள்: நீங்களும் இருங்கம்மா. ஐயா, தவறிப்போன எங்க அப்பா செஞ்ச கைத்துப்பாக்கிய ராணுவ அருங்காட்சியகத்துல வைக்கிறாங்க. மொத்தமே ஆறுதான் செஞ்சாரு. மிஞ்சினது இது ஒண்ணு. பக்கத்துல ஒரு அட்டை... "சோதனையில் தோற்றது"ன்னு.

பரிசோதகர்: தோத்தது உண்மைதானேம்மா. எழுபதாவது குண்டுல சிக்கிடுச்சு.

வந்தவள்: ஏன் சிக்குச்சு? சோதனை பண்ணினவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் இப்ப இருக்கீங்க.

பரிசோதகர்: இரும்புதானே... சிக்கும்.

மனைவி: என்ன இப்படிச் சொல்றீங்க! அந்தச் சோதனை நடந்தப்ப ஒரு வாரம் வீட்ல அதே புராணம். கரண்டிய என் கையில குடுத்து, இப்படிப் பிடி, அப்படி அழுத்துன்னு...

பரிசோதகர்: சும்மா இரேன்டி.

வந்தவள்: சொல்லுங்கய்யா. அப்பா வீட்ல வேலையப் பத்திப் பேசவே மாட்டாரு.

பரிசோதகர்: பிடியோட முன்பக்கம் ஒரு பட்டை. விரலால அழுத்தினா சுடத் தயார். விட்டா அந்த நிமிஷமே செத்த இரும்பு. கை நழுவி விழுந்தாக்கூட வெடிக்காது. குழாய்க்கு அடியில இன்னொரு சின்னக் குழல்... குண்டோட புகை அதுக்குள்ள போயி சுடறப்ப வர்ற உதைய வாங்கிக்கும். குழந்தை மாதிரி கையில அடங்கும். அந்த மாதிரி ஒண்ணை நான் அதுக்கு முன்னாடி தொட்டதில்ல.

வந்தவள்: ஆனா ராணுவம் வாங்கினது வேற துப்பாக்கி.

பரிசோதகர்: ஆமா.

வந்தவள்: அது கீழ விழுந்தா வெடிக்கும்.

பரிசோதகர்: ...தெரியும். பட்டாளத்துப் பசங்க பதினொரு பேரு செத்தாங்க.

மனைவி: பதினொரு பேரைச் சொல்லித்தான் இவரு தினமும் சாமி கும்பிடுவாரு. யாருங்க அதெல்லாம்னு கேட்டா, தெரிஞ்ச பசங்கன்னு சொல்வாரு... அவங்களா?

வந்தவள்: ஐயா, போன வாரம் அப்பாவோடதப் பிரிச்சுப் பாத்தாங்க. அந்தச் சின்னக் குழலுக்குள்ள கருகின பிசின். அது காய்ஞ்சே இருக்கணும், எண்ணெயே படக்கூடாதுன்னு அப்பா குறிப்பு எழுதிக் குடுத்திருந்தாரு.

பரிசோதகர்: குடுத்தாரு. நான்... படிக்கல.

மனைவி: என்னங்க?

பரிசோதகர்: முந்தின நாள் சாயங்காலம் எல்லாத்துக்கும் எண்ணெய் போட்டேன். எந்தத் துப்பாக்கியானாலும் போடறதுதான் பழக்கம். மத்த கம்பெனிக்காரங்க கார்ல வந்தாங்க. உங்கப்பா மட்டும் துப்பாக்கிய ஒரு துண்டுல சுத்தி, மடியில வெச்சுக்கிட்டு பஸ்ல வந்தாரு. காலர் கிழிஞ்ச சட்டை. பாவமா இருந்துச்சு. அவரோடது நல்லா ஓடட்டும்னு... அந்தக் குழல்ல ரெண்டு சொட்டு கூடவே விட்டேன்.

வந்தவள்: அப்பவே சொல்லியிருக்கலாமே.

பரிசோதகர்: சொன்னா வேலை போயிடும். இவ அப்ப நிறைமாசம். நாளைக்குச் சொல்லிக்கலாம், நாளைக்குச் சொல்லிக்கலாம்னு... நாளே ஓடிப்போச்சு.

மனைவி: இத்தனை வருஷம் பக்கத்துலயே இருக்கேன். எங்கிட்டக் கூடவா...

பரிசோதகர்: அட்டையில என்ன எழுதணுமோ எழுதிக் கொண்டாம்மா, கையெழுத்துப் போடறேன். தன்னோட வேலைதான் சரியில்லைன்னு நினைச்சுக்கிட்டே அந்த மனுஷன் போயிருப்பாரே... அதான் என்னை அரிக்குது.

வந்தவள்: அப்பா அப்படி நினைக்கலைய்யா. சிக்கினதும் கையில வாங்கி மோந்து பாத்தாரு, எண்ணெய்னு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. உங்களைக் காட்டிக் குடுக்க மனசு வரல. அந்தப் பதினொரு பேர்ல ஒருத்தன் எங்க அண்ணன். அவனைக் கொண்டாந்து கூடத்துல கிடத்தினப்பக்கூட அவரு வாயத் திறக்கல. சாகறதுக்கு முன்னாடி எங்கிட்ட மட்டும் சொன்னாரு: "அவரு கெடுக்க வரலம்மா, உதவத்தான் வந்தாரு... போய்ச் சொல்லிட்டு வா"ன்னு. அப்பா போயி ஆறு வருஷம் ஆகுது. எனக்குத்தான்யா... இத வந்து சொல்ல இன்னிக்கு வரைக்கும் மனசு வரல.