டேப்பு கேள்வி கேட்டால் பதில் யார் சொல்வது?

கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே தலைமை தாங்கும் தலைமையாசிரியர் லூர்து பிரகாஷ் ஐயா அவர்களே! முன்வரிசையில் முறுக்கோடு அமர்ந்திருக்கும் பெற்றோர் சங்கத் தலைவர் நாகேந்திரன் அண்ணன் அவர்களே! மீசை முறுக்கைச் சொன்னேன் அண்ணே, கையில் இருப்பதை நான் பார்க்கவில்லை! பிள்ளைகளைப் பெற்றெடுத்த தாய்மார்களே, பீஸ் கட்டிக் களைத்த தந்தைமார்களே, குற்றவாளியைப் போல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் எங்கள் ஞானபூரணி டீச்சர் அவர்களே! எல்லாருக்கும் இந்தச் சின்னராஜின் சிரம் தாழ்ந்த வணக்கம்!

என்னை உங்களுக்குத் தெரியும். ஆடித் தள்ளுபடி என்றால் ஆட்டோவில் வருகிற குரல் என் குரல். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. அப்படிப்பட்டவனை எதற்கு மேடையில் ஏற்றினார்கள்? நாகேந்திரன் அண்ணன்தான் சொன்னார்: "டேய் சின்னராஜு, உனக்குத்தான் மைக்கக் கண்டா வாய் ஓயாது. டேப்பு பாடம் நடத்துனா டீச்சருக்கு எதுக்குச் சம்பளம்? டேப்பு வேணாம்னு நல்லா நாலு போடு போடு. சனம் கையத் தூக்கிரும், அதைப் பீரோவுல வச்சுப் பூட்டிருவோம்."

சரியென்று தலையாட்டிவிட்டுத்தான் வந்தேன். வந்து நின்றால் வாய் ஒன்று சொல்ல வருகிறது, மனசு ஒன்று சொல்ல வருகிறது. குழப்பம் ஐயா, குழப்பம்! குழம்பிலே கூட இத்தனை குழப்பம் கிடையாது!

இந்த வினையை விதைத்தவனும் நான்தான். போன வருஷம் ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் ஆட்டோவை நிறுத்தி, என் கேசட்டை ஓடவிட்டேன். "வாருங்கள் வாருங்கள், வேட்டி வாங்கினால் துண்டு இலவசம்!" உள்ளே மொத்த வகுப்பும் என்னோடு சேர்ந்து பாடுகிறது. ஒரு எழுத்து பிசகவில்லை! டீச்சர் விறுவிறுவென்று வெளியே வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். வந்தவர் கேட்டார்: "அண்ணே, எம் பிள்ளைக பாடத்த மறக்குது, உங்க துண்ட மறக்க மாட்டேங்குது. இதை எப்படிப் பதியுறீக?"

அன்றைக்கு ஆரம்பித்தது. பாடம் டீச்சர் குரலில் கேசட்டானது, கேசட்டும் பள்ளிக்கூடத்து டேப்பும் முறை வைத்து வீடு வீடாக வந்தன. எங்கள் வீட்டுக்கும் வந்தன.

என் மகள் பெனிட்டாவை உங்களுக்குத் தெரியாது. தெரியவும் வழியில்லை. ஊருக்கெல்லாம் கத்துகிறவன் பெற்ற பிள்ளை வகுப்பில் வாயே திறக்காது. கேள்வி கேட்டால் தரையைப் பார்க்கும். "உம் பங்கையும் சேத்து அப்பன் பேசிட்டான்டி" என்பாள் என் வீட்டுக்காரி சகாயராணி. என்ன சிரிப்பு அங்கே? உங்கள் வீட்டில் மட்டும் பூவா தூவுகிறார்கள்?

டேப்பைப் போட்டோம். டீச்சர் குரல் கேட்டது: "பகலில் கடல்காற்று எங்கேயிருந்து எங்கே வீசும்? சொல்லு பார்ப்போம்." அப்புறம் சத்தமே இல்லை! என் தொழிலில் கேசட்டில் ஒரு நொடி சும்மா விட்டால் கடைக்காரர் சண்டைக்கு வருவார். டேப்பைத் தட்டினேன்.

"ஏம்ப்பா தட்டுறீக? நாம சொல்றதுக்குத்தான் டீச்சர் எடம் விட்டிருக்காக."

"அப்ப நீ சொல்லு தாயி."

வழக்கம்போல் தரையைப் பார்த்தாள். டீச்சரைக் காக்க வைக்கலாமா? தெரிந்த இரண்டு ஊரை நானே சொல்லிவிட்டேன்: "பள்ளத்தூர்ல இருந்து மானகிரிக்கு!"

டேப்பு என்ன சொன்னது தெரியுமா? "ரொம்பச் சரி! கெட்டிக்காரப் பிள்ளை!"

அஞ்சு வகுப்பு படித்தும் எந்த வாத்தியார் வாயிலும் வராத வார்த்தை ஐயா! சட்டைக் காலரைத் தூக்கிவிட்டேன். அப்போது ஒரு அதட்டல். "தப்புப்பா! கடல்ல இருந்து தரைக்கு! தரை வெரசாச் சுடும், அங்க இருக்குற காத்து மேல ஏறும், அந்த எடத்துக்குக் கடல்காத்து ஓடியாரும். இது தெரியாதா உங்களுக்கு?"

யார் பேசியது? என் மகள்! சகாயராணி கரண்டியோடு அடுப்படியில் இருந்து ஓடிவந்தாள்.

இப்போது சொல்லுங்கள், நான் எந்தப் பக்கம் பேச? தப்பைச் சரியென்ற டேப்பு முட்டாளா? முட்டாள்தான்! அதற்குக் காது கிடையாதே! ஆனால் என் பிள்ளையின் வாயைத் திறந்தது அந்த முட்டாள்தானே? பூட்டச் சொல்லவா? திறக்கச் சொல்லவா? டேப்பு போதுமா? டீச்சர் போதுமா? எனக்குத் தெரியவில்லை. நான் சும்மா நிற்கிறேன், நீங்கள் சொல்லுங்கள்.

என்ன, பேச்சையே காணோம்? மைக் செட் தம்பி, தட்டாதே! மைக் கெடவில்லை. நான்தான் இடம் விட்டிருக்கிறேன்.

யாரது, தாய்மார் பக்கம்? எழுந்து நின்று சொல்லு தாயி. என்னது? இன்னும் கொஞ்சம் சத்தமா.

"டேப்பும் வேணும். நாங்க தப்பாச் சொன்னா திருத்த டீச்சரும் வேணும்."

ஐயா தலைமையாசிரியரே, இந்தக் குரலை இந்தப் பள்ளிக்கூடத்தில் இதற்கு முன் கேட்டிருக்கிறீர்களா? டீச்சர், ஏன் கண்ணைத் துடைக்கிறீக? நாகேந்திரன் அண்ணே, முறுக்கைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்குங்கள், பீரோ சாவியை டீச்சரிடம் கொடுக்க!

ரொம்பச் சரி பெனிட்டா, கெட்டிக்காரப் பிள்ளை! இது டேப்பு சொன்னதில்லை தாயி, காதால் கேட்டுவிட்டு உன் அப்பன் சொன்னது.

பொறுத்திருந்து கேட்ட உங்கள் காதுகளுக்கு நன்றி, கூடி வந்த உங்கள் கால்களுக்கு வணக்கம்!